மஞ்சள் போச்சு... வெள்ளை வந்துச்சு... தெருவிளக்கு அடுத்த ரவுண்டில் யார் கணக்கு பார்ப்பது?

சென்னை: ராத்திரி நேரத்தில் மெயின் ரோட்டில் ஆரஞ்சு கலந்த மஞ்சள் வெளிச்சம் கொட்டிக் கிடந்த காலம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. சென்னையிலும் மாவட்டத் தலைநகரங்களிலும் பெரும்பாலான இடங்களில் சோடியம் விளக்குகளைக் கழற்றிவிட்டு வெள்ளை எல்.இ.டி. மாட்டியாச்சு. கரண்ட் பில் குறைந்தது. ரோடு பளிச்சென்று ஆனது. அதோடு கதை முடிந்தது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கும்போது, சத்தமில்லாமல் அடுத்த ரவுண்டு ஆரம்பிக்கிறது.

காரணம் ஒரு சாதாரணக் கணக்குதான். எல்.இ.டி. தெருவிளக்கின் ஆயுள் என்று கம்பெனிகள் வழக்கமாகச் சொல்வது 50 ஆயிரம் மணி நேரம். சாயங்காலம் 6 மணிக்குப் போட்டு விடிகாலை 5 மணிக்கு அணைத்தால் ஒரு நாளைக்கு 11 மணி நேரம். வருஷத்துக்கு 4,015 மணி நேரம். 50 ஆயிரத்தை இதால் வகுத்துப் பாருங்கள். பன்னிரண்டரை வருஷம் வரும். அதாவது 2013, 2014-ல் முதல் ஆளாக ஓடிப்போய் எல்.இ.டி. மாட்டிய ஊர்களில் விளக்குகளுக்கு வயசாகிவிட்டது. அதற்குப் பிறகு மாட்டியவர்களும் வரிசையில் நிற்கிறார்கள்.

இனிமேல் மாட்டப்போகும் விளக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு நம்ம தலைக்கு மேலே நிற்கும். எந்தக் கலர், எத்தனை வாட், அணைந்துபோனால் யார் பொறுப்பு என்பதெல்லாம் டெண்டர் பேப்பரில் நாலு வரியில் முடிவாகிவிடும். அந்த நாலு வரியை யார் படிக்கிறார்கள் என்பதுதான் இப்போதைய கேள்வி.

வெள்ளை புதுசு இல்லை!

தெருவிளக்குக்கு வெள்ளை வெளிச்சம் ஒன்றும் புதுசு இல்லை. குண்டு பல்புக்கு அப்புறம் தெருக்களில் ட்யூப் லைட் வந்தது. பெரிய ரோடுகளில் மெர்குரி விளக்கு வந்தது. மெர்குரி விளக்கின் வெளிச்சம் லேசான நீலம் கலந்த வெள்ளை. அதைத் தூக்கிவிட்டுத்தான் சோடியம் வந்தது. ஏன்? அதே கரண்ட்டுக்கு மெர்குரியைப் போல சுமார் இரண்டு மடங்கு வெளிச்சம் கொடுத்தது சோடியம்.

நாம் ரோட்டில் பார்த்த உயர் அழுத்த சோடியம் விளக்கு 1960-களின் நடுவில் வெளிநாட்டில் விற்பனைக்கு வந்தது. சமையல் உப்பில் இருக்கிற அதே சோடியம்தான். கேஸ் அடுப்பில் பால் பொங்கி வழியும்போதோ, உப்புத் தண்ணீர் தெறிக்கும்போதோ நெருப்பு மஞ்சளாகும், கவனித்திருப்பீர்கள். அந்த மஞ்சள்தான் கம்பத்தின் உச்சியில் எரிந்தது.

ஆக, வெள்ளை போய் மஞ்சள் வந்ததும் கரண்ட் மிச்சத்துக்குத்தான். மஞ்சள் போய் மறுபடியும் வெள்ளை வந்ததும் கரண்ட் மிச்சத்துக்குத்தான். கலரை யாரும் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. பில்லோடு ஓசியில் வந்தது கலர்.

எல்.இ.டி.யில் வெள்ளை வந்த கதையும் சுவாரஸ்யம்தான். சிவப்பு எல்.இ.டி.யும் பச்சை எல்.இ.டி.யும் ரொம்ப நாளாகவே இருந்தன. பளிச்சென்று எரியும் நீல எல்.இ.டி.தான் கைக்குச் சிக்காமல் இருந்தது. அதைச் செய்து காட்டிய அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூன்று பேருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீல எல்.இ.டி. மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் என்ற பூச்சைத் தடவினால் வெள்ளை வெளிச்சம் வரும். நம்ம தெருவில் எரியும் வெள்ளை விளக்குக்குள்ளே உட்கார்ந்திருப்பது நீல விளக்குதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பிரச்சினை எல்லாம் இங்கேதான் ஆரம்பம்.

பில் கணக்கு: லாபம் நிஜம்தான்

எல்.இ.டி. என்றாலே கமிஷனுக்காகத்தான் மாட்டுகிறார்கள் என்று டீக்கடையில் ஒரு பேச்சு உண்டு. டெண்டர் விவகாரம் தனி. ஆனால் கரண்ட் மிச்சம் என்பது பொய் இல்லை. கணக்கைப் பாருங்கள்.

மெயின் ரோட்டில் இருந்த 250 வாட் சோடியம் விளக்கு, சோக் இழுக்கும் கரண்ட்டையும் சேர்த்தால் சுமார் 280 வாட். வருஷத்துக்கு 4,015 மணி நேரம் எரிந்தால் 1,124 யூனிட். அதற்குப் பதில் 120 வாட் எல்.இ.டி. மாட்டினால் 482 யூனிட். மிச்சம் 642 யூனிட். கணக்குக்காக யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரே ஒரு கம்பத்தில் வருஷத்துக்கு 5 ஆயிரத்து 100 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஆயிரம் கம்பம் உள்ள நகராட்சிக்கு 51 லட்சம்!

தெருவுக்குள்ளே லாபம் சின்னது. சோக்கோடு சேர்ந்து 54 வாட் இழுக்கும் பழைய ட்யூப் லைட்டுக்குப் பதில் 20 வாட் எல்.இ.டி. போட்டால் வருஷத்துக்கு சுமார் 137 யூனிட், அதாவது 1,100 ரூபாய் போல மிச்சம். சின்னதுதான். ஆனால் ஊராட்சிகளில் இப்படி எத்தனை கம்பங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் 2008-ல் இருந்து சில வருஷங்கள் கரண்ட் கட் எப்படி ஆட்டிப்படைத்தது என்பது மறந்திருக்காது. சென்னைக்கு வெளியே நாள் முழுக்க விட்டு விட்டுக் கட் ஆன காலம் அது. அந்த நேரத்தில் பாதி கரண்ட்டில் எரியும் விளக்கு என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? சென்னை மாநகராட்சி 2011-ல் 174 சதுர கிலோ மீட்டரில் இருந்து 426 சதுர கிலோ மீட்டராக விரிந்தது. புதிதாகச் சேர்ந்த இடங்களுக்கெல்லாம் விளக்கு போட வேண்டும். இன்றைக்கு சென்னையில் மட்டும் இரண்டரை லட்சத்துக்கும் மேல் தெருவிளக்குகள். இத்தனையும் பழைய சோடியமாக இருந்தால் பில் என்ன ஆகியிருக்கும்?

மத்திய அரசும் 2015 ஜனவரி 5-ந் தேதி தேசிய தெருவிளக்குத் திட்டத்தை ஆரம்பித்தது. இலக்கு 1 கோடியே 34 லட்சம் விளக்குகள். இ.இ.எஸ்.எல். என்ற பொதுத்துறை கூட்டு நிறுவனம் முதலில் தன் பணத்தைப் போட்டு விளக்கை மாட்டும். உள்ளாட்சி அமைப்பு பில்லில் மிச்சமாகும் காசில் இருந்து தவணையாகத் திருப்பிக் கொடுக்கும். பக்கத்து ஆந்திராவில் விசாகப்பட்டினம் இதற்குப் பெரிய உதாரணம். 2014 அக்டோபர் 12-ந் தேதி ஹுட்ஹுட் புயல் அந்த ஊரையே புரட்டிப் போட்டது. தெருவிளக்குகளும் காலி. அடுத்த வருஷமே 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகளோடு ஊர் எழுந்து நின்றது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 2009-ல் ஆரம்பித்து 2013-க்குள் 1 லட்சத்து 40 ஆயிரம் விளக்குகளை மாற்றியது. கரண்ட் செலவு 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.

ஆக, எல்.இ.டி. வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை முடிந்துவிட்டது. எப்படிப்பட்ட எல்.இ.டி. என்பதுதான் பாக்கி.

பச்சை சேலை பழுப்பு சேலை ஆன மர்மம்

சோடியம் விளக்குக்குக் கீழே நின்றால் பச்சை சேலை பழுப்பாகத் தெரியும். சிவப்பு காரும் மெரூன் காரும் ஒன்றுபோலத் தெரியும். திருட்டு நடந்த இடத்தில் போலீஸ் வந்து ‘வண்டி என்ன கலர்?’ என்று கேட்டால் பார்த்தவர் தலையைச் சொறிவார். அவர் மேல் தப்பில்லை. அந்த வெளிச்சத்தில் கலரே கிடையாது.

கலரை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கு 100-க்கு மார்க் போடும் ஒரு முறை உண்டு. அதில் சோடியம் வாங்குவது 20, 25 மார்க். எல்.இ.டி. தெருவிளக்கு 70-க்கு மேல் வாங்கிவிடும். தெருவெல்லாம் சி.சி.டி.வி. கேமரா மாட்டியிருக்கும் இந்தக் காலத்தில் இது பெரிய விஷயம். கேமராவில் சட்டை கலரும் வண்டி கலரும் சரியாகத் தெரிகிறது.

இன்னொரு வசதியும் உண்டு. மங்கலான வெளிச்சத்தில் நம்ம கண்ணுக்கு நீலப்பச்சைப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அதனால் வெள்ளை வெளிச்சம் கொஞ்சமாக இருந்தாலும் நிறைய இருப்பது மாதிரி தோன்றும்.

அப்படியென்றால் வெள்ளை விளக்கு வந்ததால் திருட்டு குறைந்துவிடுமா? இங்கேதான் நிதானம் தேவை. அமெரிக்காவில் நியூயார்க் நகரில் குடியிருப்புகளில் 2016-ல் கூடுதல் விளக்குக் கோபுரங்களை வைத்து சோதனை செய்தார்கள். ராத்திரியில் வெளியிடங்களில் நடக்கும் பெரிய குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்ததாகக் கண்டார்கள். ஆனால் அங்கே நடந்தது இருட்டில் புதிதாக வெளிச்சம் போட்டது. மஞ்சளை வெள்ளை ஆக்கியது அல்ல. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 62 உள்ளாட்சிகளின் கணக்கை எடுத்து 2015-ல் வெளியான ஆய்வில், விளக்கை மங்கலாக்கிய இடங்களிலும் வெள்ளையாக மாற்றிய இடங்களிலும், ராத்திரி பாதி நேரம் அணைத்த இடங்களிலும்கூட விபத்தோ குற்றமோ கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் புரிவது இதுதான். கும்மிருட்டான சந்தில் விளக்கு வந்தால் பயன் உண்டு. ஏற்கெனவே வெளிச்சம் உள்ள ரோட்டில் இன்னும் கொட்டினால் பெரிய பயன் இல்லை. பஸ் ஸ்டாண்டு முன்னால் உயர்கோபுர விளக்கு ஜொலிப்பதும், அதே ஊரில் மகளிர் விடுதிக்குப் போகும் சந்து இருட்டாகக் கிடப்பதும் தப்பான கணக்கு.

நம்பர் ஏறினால் நீலம் ஏறும்

வெளிச்சத்தின் கலருக்கு ஒரு நம்பர் உண்டு. கெல்வின் என்று சொல்வார்கள். சோடியம் விளக்கு சுமார் 2,000. பழைய குண்டு பல்பு 2,700. ‘வார்ம் ஒயிட்’ என்று கடையில் கேட்டால் கொடுப்பது 3,000. அதற்கு மேலே 4,000. ‘கூல் டேலைட்’ என்பது 5,700, 6,500. நம்பர் ஏற ஏற நீலம் ஏறும். நம்ம ஊர் எலக்ட்ரிக்கல் கடைகளில் தெருவிளக்கு பிட்டிங் கேட்டால் சாதாரணமாகக் கைக்கு வருவது 5,700-ம் 6,500-ம்தான்.

ஏன் இந்த நீல வெள்ளை? ஆரம்பத்தில் இதற்கு நியாயம் இருந்தது. நீலத்தை மஞ்சளாக மாற்றும் பூச்சு கூடினால் வெளிச்சம் கொஞ்சம் வீணாகும். அதனால் அப்போது 3,000 கெல்வின் விளக்கு அதிக கரண்ட் தின்றது. இப்போது அந்த வித்தியாசம் ரொம்பவே குறைந்துவிட்டது. காரணம் போய்விட்டது. ஆனால் பழைய டெண்டரில் இருந்த நம்பரையே காப்பி அடித்துப் புது டெண்டர் போட்டால், காரணம் இல்லாமலே இன்னும் பன்னிரண்டு வருஷம் நீலத்தில் வாழ வேண்டியதுதான்.

அதனால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். முதலில் கண் கூச்சம். எல்.இ.டி.யில் வெளிச்சம் சின்னச் சின்னப் புள்ளிகளில் இருந்து அடர்த்தியாக வருகிறது. மூடி சரியில்லாத பிட்டிங்காக இருந்தால், அல்லது கம்பத்தில் மேல்நோக்கிச் சாய்த்து மாட்டியிருந்தால், எதிரே டூவீலரில் வருகிறவருக்கு ஊசியால் குத்துகிற மாதிரி இருக்கும். வயசானவர்களுக்கும் கண்புரை உள்ளவர்களுக்கும் கண்ணுக்குள்ளேயே வெளிச்சம் சிதறும். அவர்களுக்குக் கஷ்டம் இன்னும் அதிகம். விளக்கு பளிச்சென்று தெரியும், ரோட்டில் இருக்கும் பள்ளம் தெரியாது.

அடுத்தது தூக்கம். ராத்திரி ஆனால் உடம்பில் மெலடோனின் என்ற சுரப்பு கூடி நம்மைத் தூக்கத்துக்குத் தயார் செய்யும். நீல வெளிச்சம் அதைத் தடுக்கும். அமெரிக்க மருத்துவ சங்கம் 2016 ஜூனில் இது பற்றி எச்சரித்தது. தெருவிளக்கு 3,000 கெல்வினுக்கு மேல் போக வேண்டாம், வெளிச்சம் பக்கவாட்டில் சிதறாமல் மூடி போடுங்கள், மங்கலாக்கும் வசதி வையுங்கள் என்று சொன்னது. பிரான்சில் 2018 டிசம்பரில் வந்த உத்தரவு வெளிப்புற விளக்குகளுக்கு 3,000 கெல்வின்தான் உச்சம் என்றது.

இதைப் படித்துவிட்டு பயப்படவும் வேண்டாம். கதவு, ஜன்னல் சாத்திய வீட்டுக்குள் தெருவிளக்கு வெளிச்சம் கொஞ்சம்தான் வரும். கைக்குள் பிடித்திருக்கும் செல்போன்தான் முதல் எதிரி. ஆனால் ஜன்னலுக்கு நேரே கம்பம் நிற்கும் மாடி வீட்டுக்காரர், கோடையில் மொட்டை மாடியில் பாய் விரிப்பவர், கோயம்பேட்டிலும் ரயில் நிலைய வாசலிலும் நடைபாதையில் படுப்பவர் எல்லாரும் இந்த வெளிச்சத்துக்குக் கீழேதான் தூங்குகிறார்கள். அவர்களுக்குத் திரைச்சீலை கிடையாது.

மூடுபனியில் மஞ்சள்தான் துளைத்துக்கொண்டு போகும் என்று மலைப்பாதை டிரைவர்கள் சொல்வது உண்டு. பனித்துளி வெளிச்சத்தின் அலையைவிடப் பல மடங்கு பெரிசு. எல்லாக் கலரையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். வெள்ளை விளக்கில் கூச்சம் அதிகம் என்பதால் அப்படித் தோன்றுகிறது. அங்கேயும் பிரச்சினை மூடியும் அளவும்தான்.

மக்கள் கேட்டதால் மாற்றிய ஊரும் இருக்கிறது. கலிபோர்னியாவில் டேவிஸ் என்ற சின்ன நகரம். 2014-ல் 4,000 கெல்வின் விளக்கு மாட்டினார்கள். ஜெயில் மாதிரி இருக்கிறது என்று குடியிருப்புவாசிகள் கொதித்தார்கள். சுமார் 650 விளக்குகளைக் கழற்றி 2,700 கெல்வின் விளக்கை மறுபடி மாட்ட வேண்டியதாயிற்று. இரட்டைச் செலவு! முன்னாடியே பத்துக் கம்பத்தில் மாட்டிக் காட்டி மக்களைக் கேட்டிருந்தால் இந்தத் தண்டச் செலவு வந்திருக்காது.

ஆமைக்கும் காவலூருக்கும் என்ன சம்பந்தம்?

சென்னைக் கடற்கரைக்கு வருஷம் பிறந்ததும் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். குஞ்சு பொரித்ததும் வெளிச்சம் அதிகமாக இருக்கும் பக்கம் ஓடும். இயற்கையில் அது நிலாவும் நட்சத்திரமும் பட்டு மின்னும் கடல். இப்போது அது ரோடு! குறிப்பாக நீலம், பச்சைப் பக்க வெளிச்சம்தான் குஞ்சுகளை அதிகம் இழுக்கிறது. சிவப்பும் ஆரஞ்சும் குறைவாகத்தான் இழுக்கும். 1988-ல் இருந்து இந்தக் கடற்கரையில் ராத்திரி ராத்திரியாக நடந்து முட்டைகளைக் காப்பாற்றும் மாணவர் அமைப்பு இருக்கிறது. கடலோரக் கம்பங்களில் மஞ்சள் கலந்த விளக்கும், கடல் பக்கம் வெளிச்சம் போகாமல் மூடியும் போட்டால் அவர்கள் வேலை பாதி குறையும்.

பூச்சிகளுக்கும் இதே கதி. இங்கிலாந்தில் 2021-ல் வெளியான ஆய்வில், தெருவிளக்கு உள்ள வேலிப்புதர்களில் அந்துப்பூச்சிப் புழுக்கள் 47 சதவீதம் குறைவாக இருந்தன. சோடியத்தைவிட வெள்ளை எல்.இ.டி.யின் பாதிப்பு மோசம் என்றும் தெரிந்தது. பூச்சி தொலைந்தால் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். ராத்திரியில் பூக்களுக்கு மகரந்தம் கொண்டுபோவதில் அந்துப்பூச்சிக்கும் பங்கு உண்டு.

திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலையில் இருக்கிறது காவலூர் வைணு பாப்பு வானாய்வகம். 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் அங்கே வந்தது. யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருப்பது 1977-ல் தெரியவந்தபோது அதைப் பார்த்துப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. வானத்தில் நீல வெளிச்சம் அதிகம் சிதறும். அடிவாரத்து ஊர்களில் மேல்நோக்கி அடிக்கும் ஒவ்வொரு வெள்ளை விளக்கும் அந்தக் கண்ணாடியில் தூசி போட்ட மாதிரி. 2011-ல் இருந்து 2022 வரை உலகம் முழுக்கப் பொதுமக்கள் எண்ணிச் சொன்ன நட்சத்திரக் கணக்கை வைத்து 2023-ல் ஒரு ஆய்வு வந்தது. வருஷத்துக்கு சராசரியாக 9.6 சதவீதம் வானம் வெளுத்துக்கொண்டே போகிறது என்றது அது. நம்ம பிள்ளைகளுக்குச் சப்தரிஷி மண்டலத்தைக் காட்ட வேண்டுமென்றால் ஊருக்கு வெளியேதான் போக வேண்டும் போலிருக்கிறது.

அணைஞ்சா யார் மாத்துவாங்க?

கலர் சண்டையைவிடப் பெரிய சண்டை இதுதான். தினமும் மனு கொடுக்கும் இடத்துக்குப் போனால் தெரியும். ‘வெள்ளை வேண்டாம், மஞ்சள் வேண்டும்’ என்று யாரும் மனு கொடுப்பதில்லை. ‘எரியவே இல்லை’ என்றுதான் கொடுக்கிறார்கள்.

சோடியம் காலத்தில் விளக்கு கெட்டால் மூன்று பொருள்தான். பல்பு, சோக், இக்னைட்டர். ஏணியும் பையுமாக வயர்மேன் வந்தால் கால் மணி நேரத்தில் கண்டுபிடித்து மாற்றிவிடுவார். பொருளும் உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கும். வயசான சோடியம் பல்பு அணைந்து அணைந்து எரியும். அதைப் பார்த்தே சாகப்போகிறது என்று சொல்லிவிடலாம்.

எல்.இ.டி.யில் அந்த வசதி இல்லை. உள்ளே டிரைவர் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். லைனில் வரும் 230 வோல்ட் கரண்ட்டை எல்.இ.டி.க்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. எல்.இ.டி. 50 ஆயிரம் மணி நேரம் தாங்கும். இந்த டிரைவர் தாங்குமா? நம்ம ஊர் வெயிலில் பிட்டிங் கொதிக்கும். மழைக்காலத்தில் இடி மின்னல், திடீர் வோல்டேஜ் ஏற்றம். அதற்கான பாதுகாப்பு சரியாக இல்லாவிட்டால் முதல் ஐப்பசியிலேயே அவுட். டிரைவரை மட்டும் மாற்றும் வசதி இல்லாத பிட்டிங்காக இருந்தால் மொத்தத்தையும் கழற்றி கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அது திரும்பி வரும் வரை தெரு இருட்டு.

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. 50 ஆயிரம் மணி நேரம் என்பது அணைந்துபோகும் நேரம் இல்லை. வெளிச்சம் 70 சதவீதமாகக் குறையும் நேரத்தைத்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்கிறார்கள். அதாவது எல்.இ.டி. ஒரே நாளில் சாகாது. கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். கணக்குப் புத்தகத்தில் ‘எரிகிறது’ என்று டிக் அடித்திருப்பார்கள். ரோட்டில் நடப்பவருக்குக் கால் தெரியாது.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரம் இதில் சூடு பட்டது. 2013-ல் திவால் ஆன ஊர் அது. தெருவிளக்குகளில் சுமார் 40 சதவீதம் எரியவில்லை. அதன்பின் 65 ஆயிரம் எல்.இ.டி. விளக்குகளை மாட்டி 2016 கடைசியில் வேலையை முடித்தார்கள். ஊரே கொண்டாடியது. 2019-ல் பார்த்தால் சுமார் 20 ஆயிரம் விளக்குகள் காலத்துக்கு முன்பே மங்கியும் கருகியும் போய்க்கொண்டிருந்தன. சப்ளை செய்த கம்பெனி மேல் வழக்கு போட வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் வேறு சில ஊர்களில் 2021 வாக்கில் தெருவிளக்குகள் திடீரென்று ஊதா கலரில் எரிய ஆரம்பித்தன. ஏதோ விழா என்று மக்கள் நினைத்தார்கள். விழாவும் இல்லை ஒன்றும் இல்லை. முதலில் சொன்னோமே, நீல எல்.இ.டி. மேல் தடவிய மஞ்சள் பூச்சு, அது பெயர்ந்துவிட்டது. வாரண்டி இருந்ததால் மாற்றிக் கொடுத்தார்கள்.

வாரண்டி என்ற ஒரு வார்த்தைதான் இங்கே உயிர். தமிழ்நாட்டில் உள்ளாட்சிகள் சொந்த நிதி, அரசுத் திட்ட நிதி, தனியார் பராமரிப்பு ஒப்பந்தம் என்று பல வழிகளில் விளக்கு மாட்டியிருக்கின்றன. ஒப்பந்தம் நடக்கும்வரை கம்பெனி ஆள் வருவார். ஒப்பந்தக் காலம் முடிந்த மறுநாள்? நகராட்சி ஆள் ‘கம்பெனிக்காரன் பார்க்கணும்’ என்பார். கம்பெனி ‘எங்க டைம் முடிஞ்சுது’ என்னும். மின்வாரியத்துக்கு போன் போட்டால் ‘கம்பம்தான் எங்களுது, விளக்கு உள்ளாட்சியோடது’ என்று பதில் வரும். மூன்று பேர் சொல்வதும் சட்டப்படி சரியாக இருக்கலாம். இருட்டில் நடக்கும் டியூஷன் பிள்ளைக்கு அது எதற்கு ஆகும்?

அடுத்த டெண்டரில் என்ன கேட்கணும்?

ரோட்டில் எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதற்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1944 இருக்கிறது. மிக முக்கியமான, போக்குவரத்து நெருக்கடி உள்ள ரோட்டுக்குச் சராசரி 30 லக்ஸ். அடுத்த நிலை ரோட்டுக்கு 15. உள் ரோடுகளுக்கு 8, 4. பௌர்ணமி நிலா வெளிச்சம் கால் லக்ஸ் அளவுதான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சராசரி மட்டும் போதாது. பெரிய ரோட்டில் மிகக் குறைந்த வெளிச்சம் உள்ள இடம் சராசரியில் பத்தில் நாலு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது அதே தரநிலை. கம்பத்துக்குக் கீழே பகல், இரண்டு கம்பத்துக்கு நடுவே இருட்டு என்ற கதை கூடாது. அதற்கு வாட்டை ஏற்றுவது வழி இல்லை. மரக்கிளைக்குக் கீழே கையை நீட்டி மாட்டுவதும், சரியான லென்ஸ் உள்ள பிட்டிங் வாங்குவதும்தான் வழி.

கலர் விஷயத்தில் குடியிருப்புத் தெருக்களுக்கும் கடற்கரைக்கும் மலையடிவாரத்துக்கும் 3,000 கெல்வினுக்கு மேல் வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். கேமரா, சந்திப்பு உள்ள பெரிய ரோட்டில் 4,000 வரை போகலாம். 3,000 கெல்வினிலும் பச்சை சேலை பச்சையாகத்தான் தெரியும். மறுபடியும் பழுப்பு ஆகிவிடாது.

நடு ராத்திரி 12 மணிக்கு மேல் 5 மணி வரை பாதி வெளிச்சம் போதும் என்கிற ரோடுகள் எத்தனையோ உண்டு. சோடியத்தை லேசில் மங்கலாக்க முடியாது. எல்.இ.டி.யில் அது சுலபம். 120 வாட் விளக்கை அந்த 5 மணி நேரம் பாதியாகக் குறைத்தால் வருஷத்துக்கு ஒரு கம்பத்தில் 110 யூனிட் போல மிச்சம். 8 ரூபாய் கணக்கில் 876 ரூபாய். அந்தக் காசில் இருட்டுச் சந்துக்கு ஒரு புது விளக்குக்கு கரண்ட் கட்டலாம்.

பராமரிப்பில் மூன்று வரி அவசியம். டிரைவரைக் கம்பத்திலேயே தனியாக மாற்றும் வசதி. ஒப்பந்தம் முடியும்போது உதிரிப் பொருளும் பயிற்சியும் உள்ளாட்சி வயர்மேனுக்குக் கிடைக்க வேண்டும். எரிகிறதா என்று மட்டும் இல்லாமல், எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்று வருஷத்துக்கு ஒருமுறை லக்ஸ் மீட்டரில் அளந்து காட்ட வேண்டும். அளவு குறைந்தால் பணம் பிடித்தம். ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு எண்ணும், புகார் போன் நம்பரும் பெயிண்ட்டில் எழுதியிருக்க வேண்டும். சென்னையில் மாநகராட்சிக்கு 1913 இருக்கிறது. கம்ப எண்ணைச் சொல்ல முடிந்தால் ‘அந்த வேப்பமரத்துக்குப் பக்கத்துல’ என்று வழி சொல்லும் தொல்லை போகும்.

இதையெல்லாம் கேட்க வக்கீல் வேண்டாம். டெண்டர் என்பது ரகசியம் இல்லை. தமிழ்நாட்டில் 1998-லேயே டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்துவிட்டது. விளக்கின் கெல்வின் என்ன, வாரண்டி எத்தனை வருஷம், அணைந்தால் எத்தனை மணி நேரத்தில் மாற்ற வேண்டும் என்று பத்து ரூபாய் செலவில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கிராமத்தில் என்றால் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள். ‘விளக்கு எரியலை’ என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காராமல், ‘ஒப்பந்தம் என்னைக்கு முடியுது?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்பவரின் முகத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மஞ்சள் விளக்கு போனதில் சிலருக்கு வருத்தம் இருக்கலாம். அது திரும்பி வராது, வரவும் வேண்டாம். மிச்சம் பிடித்த கரண்ட் நம்ம வரிப்பணம். ஆனால் முதல் ரவுண்டில் பில்லை மட்டும் பார்த்து விளக்கு வாங்கினோம். இந்த ரவுண்டில் கண்ணையும் தெருவையும் பார்த்து வாங்க வேண்டும். டெண்டர் பேப்பரில் அந்த நாலு வரி கையெழுத்தாகும் முன்னால் கேட்டால் காசு செலவில்லாமல் மாறும். கம்பத்தில் ஏறிய பிறகு கேட்டால், டேவிஸ் ஊர்க்காரர்கள் மாதிரி இரண்டு தடவை பணம் கட்ட வேண்டியதுதான்!